புராணக் கதையை வெச்சு எடுத்த படங்கள்: எங்க ஆரம்பிக்கிறது, எப்படிப் பாக்குறது

"புராணப் படம், இதிகாசப் படம்லாம் உருப்படியா பாக்கணும்னு ஆசையா இருக்கு, எங்க ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். கூடவே பத்து படத்தோட லிஸ்ட் ஒண்ணு குடுங்கன்னும் கேப்பாங்க. லிஸ்ட் குடுக்குறது ஈஸி, ஆனா அதை மட்டும் கையில வெச்சுக்கிட்டு உக்காந்தா ரெண்டாவது படத்துலயே "நான் படிச்ச கதைல இப்படி இல்லையே"ன்னு ஒரு எரிச்சல் வரும், இல்லன்னா யாரு இவங்கல்லாம் எதுக்கு சண்டை போடுறாங்கன்னே புரியாம பாதில ஆஃப் பண்ணிடுவீங்க. ரெண்டும் நடக்காம இருக்க ஒரு வழி இருக்கு. கதையை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, அப்புறம் படத்துல டைரக்டர் எந்த இடத்துல கை வெச்சிருக்கார்னு மட்டும் தேடுங்க. அவர் கதையை மாத்தின அந்த ஒரு இடத்துலதான் அவர் சொல்ல வந்தது இருக்கும். கீழ வர்ற படி எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

முதல் படி: ஏற்கனவே தெரிஞ்ச கதைல ஆரம்பிங்க

நேரா கிரேக்கம், நார்ஸ் (வட ஐரோப்பாவோட பழங்கதை)னு போகாதீங்க. உங்களுக்கு சின்ன வயசுலயே காதுல விழுந்த கதை எதுவோ அதுல ஆரம்பிங்க, ஏன்னா கதை தெரிஞ்சா மட்டும்தான் மாத்தம் கண்ணுல படும். தமிழ் படிக்கிறவங்களுக்கு நான் சொல்றது 1964ல பி.ஆர்.பந்துலு எடுத்த கர்ணன். நீளமான படம், ரெண்டு நாளா பிரிச்சுக்கூட பாருங்க, தப்பே இல்ல.

அதுல ஒரு காட்சி. கர்ணனும் துரியோதனன் மனைவி பானுமதியும் தனியா உக்காந்து சொக்கட்டான் ஆடிட்டு இருக்காங்க. வாசல் பக்கம் துரியோதனன் வர்றான், கர்ணனுக்கு அது தெரியாது, பானுமதி புருஷனைப் பாத்ததும் மரியாதைக்கு எந்திரிக்குறா, கர்ணன் என்னடா தோக்கப் போறோம்னு பாதில ஓடுறாளேன்னு நினைச்சு எட்டிப் பிடிக்குறான், கையில சிக்குனது அவளோட மணிமாலை, அறுந்து முத்தெல்லாம் தரையில சிதறுது. திரும்பிப் பாத்தா நண்பன் நிக்குறான். அந்த இடத்துல கர்ணன் முகத்தையும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குற பானுமதியையும் பாருங்க. துரியோதனன் கீழ குனிஞ்சு முத்தைப் பொறுக்கிக்கிட்டே எடுக்கவா கோக்கவான்னு கேக்குறான். அவ்வளவுதான் வசனம். ரெண்டு வார்த்தைல ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் மேல வெச்ச நம்பிக்கை முழுசா வந்துடுது.

இந்தக் காட்சி வியாசர் பாரதத்துல கிடையாது. அப்போ படக்காரங்க சும்மா சேத்துட்டாங்களான்னா, அதுவும் இல்ல, இது வில்லிபுத்தூரார் பாரதத்துல இருக்கு. அங்க கர்ணன் இதைக் குந்திகிட்டதான் சொல்றான், அவ வந்து "நீ என் புள்ள, பாண்டவங்க பக்கம் வந்துடு"ன்னு கூப்பிடும்போது, 'எடுக்கவோ கோக்கவோ'ன்னு கேட்ட அந்த நண்பனை விட்டுட்டு நான் எப்படி வர்றதுன்னு பதிலா சொல்றான். பாட்டுல அவன் வாயால சொல்ற ஒரு பழைய நினைப்பு, படத்துல நம்ம கண்ணு முன்னாடி நடக்குது. முதல் தடவை இதைக் கண்டுபிடிச்சப்போ எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, திரும்பத் திரும்ப அந்தக் காட்சியையே ஓட்டிப் பாத்தேன்.

ரெண்டாவது படி: "ஒரிஜினல்" எதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஒரிஜினல்னு கேளுங்க

புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழுற இடம் இதுதான். புராணத்துக்கு ஒரே ஒரு மூலம் இருக்குன்னும் படம் அதுல இருந்து விலகினா தப்புன்னும் நினைச்சுக்குறாங்க. ஆனா கம்பன் வால்மீகியை அப்படியே எழுதல, வில்லிபுத்தூரார் வியாசரை அப்படியே எழுதல. ஒவ்வொருத்தரும் ஒரு இடத்துல கை வெச்சாங்க. சினிமா டைரக்டர் அந்த வரிசைல கடைசியா வந்து நிக்குறவர், அவ்வளவுதான்.

1957ல கே.வி.ரெட்டி எடுத்த மாயாபஜார் இன்னும் நல்ல உதாரணம், அபிமன்யுவுக்கும் பலராமன் பொண்ணுக்கும் நடக்குற அந்தக் காதல் கல்யாணம் வியாசர்கிட்ட இல்லவே இல்ல, வாய்வழியாவும் நாடகமாவும் வளந்த கதை அது. பாண்டவங்க அஞ்சு பேரும் படத்துல தலையே காட்ட மாட்டாங்க, ஆனா மகாபாரதப் படம்னு சொன்னா ஆயிரம் பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான்.

அப்புறம் திருவிளையாடல், 1965, ஏ.பி.நாகராஜன். தருமி கதை எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா தருமி கொண்டு போற அந்தப் பாட்டு குறுந்தொகைல ரெண்டாவது பாட்டு, எழுதினவர் பேரு இறையனார், பாட்டுக்குள்ள தருமியும் இல்ல பாண்டியனும் இல்ல, ஒருத்தன் தும்பியைப் பாத்து என் காதலி கூந்தலைவிட வாசமான பூ உனக்குத் தெரியுமான்னு கேக்குறான், அவ்வளவே. இறையனார்ங்குற பேரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கதை வளந்து, அது திருவிளையாடற் புராணம் எழுதின பரஞ்சோதி முனிவர்கிட்ட போயி, கடைசில திரைக்கு வந்திருக்கு. அந்தப் படத்துல கடவுள்கிட்டயே குற்றம் குற்றம்தான்னு நிக்குற நக்கீரரா நடிச்சவர் டைரக்டர் நாகராஜனேதான், இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்க.

மூணாவது படி: படத்துக்கு முன்னாடி அரைப் பக்கம், அதுக்கு மேல வேணாம்

தெரியாத ஊர் கதைன்னா படம் பாக்குறதுக்கு முன்னாடி கதைச் சுருக்கம் படிச்சே ஆகணும். சஸ்பென்ஸ் போயிடுமேன்னு பயப்படாதீங்க, இந்தக் கதைகளை முதல்ல கேட்டவங்க எல்லாருக்குமே முடிவு தெரியும், தெரிஞ்சுதான் கேட்டாங்க. யாரு யாருக்கு என்ன உறவு, யாரு யாருக்கு என்ன சாபம் இல்லன்னா வரம், முடிவு என்ன, இந்த மூணும் போதும். முழுக் காவியத்தையும் படிச்சுட்டுதான் பாப்பேன்னு உக்காந்தா படம் பாக்கவே மாட்டீங்க.

பேரு விஷயத்துல மட்டும் கவனம். ஒரே ஆளுக்கு கிரேக்கத்துல ஒரு பேரு, ரோமன்ல ஒரு பேரு. ஒடீசியஸ்தான் யுலிசீஸ், ஹெராக்கிளீஸ்தான் ஹெர்குலீஸ், தெய்வங்களுக்கெல்லாம் ராஜாவான ஜீயஸ்தான் ஜூபிடர். 1997ல வந்த ஹெர்குலீஸ் கார்ட்டூன் படத்துல எல்லாரும் கிரேக்கப் பேரோட இருக்க ஹீரோ மட்டும் ரோமன் பேரோட இருப்பார், அதோட ஹெரா அவருக்குப் பாசமான அம்மாவா வருவாங்க, பழைய கதைல அவரைத் தொட்டில்லயே கொல்லப் பாம்பு அனுப்புறதே அந்த ஹெராதான். குழந்தைங்க படத்துக்காக எங்க கை வெச்சாங்கன்னு இப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

நாலாவது படி: கடவுள் எங்க இருக்கார்னு பாருங்க

எந்தப் புராணப் படத்துலயும் நான் முதல்ல பாக்குறது இதுதான். கடவுள் மனுஷ ரூபத்துல வந்து பேசுறாரா, குரல் மட்டும் வருதா, இல்ல ஆளே இல்லையா. கடவுளை எடுத்துட்டா கதை அப்படியே இருக்குற மாதிரி தெரியும், ஆனா அர்த்தம் மொத்தமும் மாறிடும்.

2004ல வந்த டிராய் படத்தை எடுத்துக்கோங்க. வந்த புதுசுல பாத்துட்டு நான் ரொம்பக் கோவப்பட்டேன், பத்து வருஷப் போரைக் கொஞ்ச நாள்ல முடிச்சுட்டாங்க, தெய்வங்களைக் காணோம், கதைப்படி கிரேக்க வீரன் அக்கிலீஸ் சாகுறது, வீரர்கள் உள்ள ஒளிஞ்சு டிராய்க்குள்ள போன மரக்குதிரைக்கு முன்னாடி, இங்க அவனே குதிரைக்குள்ள உக்காந்திருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். (மரக்குதிரை, டிராய் போரைப் பத்தி ஹோமர் எழுதின கிரேக்கக் காவியம் இலியட்லயே கிடையாது, இலியட் ஹெக்டரோட ஈமச்சடங்கோட முடிஞ்சிடும், குதிரை கதையை ஹோமரோட இன்னொரு காவியம் ஒடிசில கொஞ்சமும் ரோமன் கவிஞர் வர்ஜில் எழுதின ஈனியட்ல விரிவாவும் படிக்கலாம்.) அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு இலியட்டோட 24வது பாகம், அதாவது கடைசி பாகம் படிச்சுட்டு மறுபடி படத்தைப் பாத்தேன்.

காட்சி இதுதான். ஹெக்டரைக் கொன்னு, உடம்பைத் தேர்ல கட்டி இழுத்துட்டுப் போயிட்டான் அக்கிலீஸ். ராத்திரி, கூடாரத்துல தனியா இருக்கான். வயசான ஒருத்தர் உள்ள வந்து, மண்டி போட்டு, அவன் கையில முத்தம் குடுக்குறார். அவர்தான் ஹெக்டரோட அப்பா, டிராய் ராஜா பிரியாம். என் புள்ளையைக் கொன்ன கைக்கு முத்தம் குடுத்துட்டேன், உடம்பைக் குடுத்துடுன்னு கேக்குறார்.

ஹோமர் எழுதினதுல இந்தச் சந்திப்புக்கு முன்னாடியே ஜீயஸ் முடிவு பண்ணிடுறார். அக்கிலீஸோட அம்மா தீட்டிஸை அனுப்பி உடம்பைத் திருப்பிக் குடுன்னு சொல்ல வைக்குறார், பிரியாம்கிட்ட தூது போற தேவதை ஐரிஸை அனுப்புறார், ராத்திரில அவருக்கு வழிகாட்ட ஹெர்மீஸ்ங்குற தெய்வம் வர்றார். படத்துல இது ஒண்ணுமே இல்ல. கிழவர் தனியா வர்றார், யாரும் அனுப்பல, அக்கிலீஸுக்கும் மேல இருந்து எந்த உத்தரவும் இல்ல. அப்போ அவன் உடம்பைத் திருப்பிக் குடுக்குறது முழுக்க முழுக்க அவனோட சொந்த முடிவு. ஹோமர்கிட்ட அது தெய்வத்தோட சொல்லுக்கு ஒரு மனுஷன் அடங்குறதும் கூடவே தன் அப்பாவை நினைச்சு அழறதும், இங்க அது வெறும் ரெண்டு மனுஷங்களுக்கு நடுவுல நடக்குறது. எது பெருசுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தெய்வத்தை எடுத்தது சோம்பேறித்தனம்னு இத்தனை நாள் நினைச்சது தப்புன்னு அந்த ஒரு காட்சி எனக்குக் காட்டிடுச்சு.

அஞ்சாவது படி: ஒரே கதை, மூணு படம்

நாலஞ்சு படம் பாத்து முடிச்சுட்டு இந்தப் படிக்கு வாங்க. கிரேக்கத்து ஆர்ஃபியூஸ் கதையை எடுத்துக்கோங்க, சின்னக் கதை. பாட்டுக்காரன், மனைவி யூரிடிஸ் பாம்பு கடிச்சு செத்துடுறா, பாதாளத்துக்கே போயி பாடி அவளைத் திரும்பக் கேக்குறான், கூட்டிட்டுப் போ ஆனா வெளிய போற வரைக்கும் திரும்பிப் பாக்காதன்னு நிபந்தனை, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் பாத்துடுறான், அவ போயிடுறா. மொத்தக் கதையும் அந்த ஒரு தலைத் திருப்பல்லதான் நிக்குது. அதனால மூணு படத்துலயும் அந்தத் திருப்பலை மட்டும் பாருங்க.

1950ல ழான் காக்தோ எடுத்த ஓர்ஃபே. கதை அவர் காலத்து பாரிஸ்ல நடக்குது, பாதாளத்துக்கு வாசல் கண்ணாடி. விரலைக் கண்ணாடில வெச்சா தண்ணிக்குள்ள போற மாதிரி உள்ள போகும், அதுக்குப் பாதரசத்தைத் தொட்டில ஊத்தி அதுல கையை விட்டு ஷூட் பண்ணாங்க. அப்புறம் அவன் அவளைப் பாத்துடுற இடம், கார்ல உக்காந்திருக்கும்போது முன்னாடி இருக்குற சின்னக் கண்ணாடில அவ முகம் தெரிஞ்சுடுது. வேணும்னு திரும்பக்கூட இல்ல.

1959ல மார்செல் காமு எடுத்த பிளாக் ஆர்ஃபியூஸ், ரியோ டி ஜெனிரோ கார்னிவல்ல நடக்குது, ஆர்ஃபியூஸ் அங்க டிராம் ஓட்டுறவன். அவனுக்கு யூரிடிஸ் குரல் பின்னாடி கேக்குது, திரும்பாதன்னு அவளே சொல்றா, அவனால முடியல, திரும்புறான், அங்க நிக்குறது வேற ஒரு வயசான அம்மா, அவங்க வாய் வழியா வந்த குரல் அது. கேன்ஸ் பட விழால அந்த வருஷம் பெரிய விருது, பாம் தோர், இதுக்குத்தான் குடுத்தாங்க.

மூணாவது 2019ல செலின் சியாமா எடுத்த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர். இதுல ஆர்ஃபியூஸே கிடையாது. மூணு பொண்ணுங்க ராத்திரி உக்காந்து ரோமன் கவிஞர் ஓவிட் எழுதின அந்தக் கதையைப் படிச்சு, சொல்லியும் ஏன் திரும்பினான்னு சண்டை போடுறாங்க. ஒருத்தி சொல்றா, அவன் அவளோட நினைவைத் தேர்ந்தெடுத்தான், அது ஒரு கவிஞனோட முடிவுன்னு. இன்னொருத்தி, அவதான் திரும்புன்னு சொல்லியிருப்பாளோன்னு கேக்குறா. படத்தோட முடிவுக்கு வரும்போது அந்தக் கேள்வி என்ன பண்ணுதுன்னு நீங்களே பாருங்க, சொல்லிட்டா பாவம்.

ஒருத்தன் தெரியாமப் பாத்தான், ஒருத்தன் தாங்க முடியாமப் பாத்தான், கடைசிப் படம் இதை அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்து கேக்குது. மூணு படத்தையும் ஒரே வாரத்துல பாக்க முடிஞ்சா பாருங்க, கேப் விட்டா இந்த ஒப்பீடு மறந்துடும்.

ஆறாவது படி: வேஷம் மாத்தி வர்ற கதை

கிரீடம், வில்லு எதுவும் இல்லாம பேண்ட் ஷர்ட்ல வர்ற புராணம். இதுக்கு 1991ல வந்த தளபதியை விட சுலபமான பாடம் கிடையாது. குழந்தையை ஆத்துல விடுறதுக்குப் பதிலா கூட்ஸ் ரயில், சூரியன் மகனுக்குப் பேரே சூர்யா, துரியோதனன் இடத்துல தேவா, எதிர்ப்பக்கம் கலெக்டரா வர்ற தம்பி பேரு அர்ஜுன். இதெல்லாம் எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க, அதோட நிறுத்திடுவாங்க. நீங்க நிறுத்தாதீங்க, முடிவைப் பாருங்க. பாரதத்துல முதல்ல சாகுறது கர்ணன், துரியோதனன் அப்புறம். படத்துல தேவா செத்துடுறான், சூர்யா உயிரோட இருக்கான், அம்மாவும் அவன்கூடவே இருந்துடுறா. கர்ணனுக்கு ஆயிரக்கணக்கான வருஷமா கிடைக்காத ஒண்ணை மணிரத்னம் குடுத்துப் பாத்திருக்கார். எனக்கு அந்தப் படம் பிடிக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

இங்கிலீஷ்ல இதே மாதிரி பாக்கணும்னா 2000ல கோயன் சகோதரர்கள் எடுத்த ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ. ஒடிசி கதை 1937 மிசிசிப்பில நடக்குது, ஒத்தைக்கண் அரக்கன் பைபிள் விக்குறவனா வர்றான்.

நடுவுல ஒரு விஷயம், பழைய டிரிக் ஷாட்டைப் பாத்து சிரிக்காதீங்க

1963ல வந்த கிரேக்கக் கதைப் படம் ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்ல ஏழு எலும்புக்கூடு மூணு மனுஷங்களோட வாள் சண்டை போடும். சின்னக் காட்சிதான். ரே ஹேரிஹவுசன்ங்குற ஒரே மனுஷன் அந்த ஏழு பொம்மையோட கையையும் காலையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி எடுத்தது, அந்த ஒரு சண்டைக்கு நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. நடிகர்கள் எதிர்ல யாரும் இல்லாம வெறும் காத்தோட வாள் வீசி நடிச்சிருக்காங்க. பழைய காவியத்துல மண்ணுல இருந்து முளைக்குறது ஆயுதம் ஏந்துன வீரர்கள், அவங்களை எலும்புக்கூடா மாத்தினது படம்தான். அந்த எலும்புக்கூடு ஒவ்வொண்ணும் எப்படித் தலையைத் திருப்புது, எப்படித் தயங்கி அப்புறம் பாயுதுன்னு ஒரு தடவை சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க.

நம்ம பக்கமும் அப்படித்தான். பால்கே 1913ல ராஜா ஹரிச்சந்திரா எடுத்தப்போ பொம்பளை வேஷத்துக்கு ஆள் கிடைக்காம சாலுங்கேங்குற ஆணைத்தான் ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியா நடிக்க வெச்சார், 1917ல லங்கா தகனத்துல அதே ஆள் ராமனாவும் சீதையாவும் நடிச்சார். இந்தியால முழுநீளப் படம்னு ஒண்ணு பொறந்ததே புராணத்துலதான்.

ஏழாவது படி: அடுத்தவங்க கதைக்குப் போகும்போது

இங்க ஒரு மரியாதை வேணும். நமக்கு அது கதை, அந்த மக்கள்ல நிறைய பேருக்கு இன்னைக்கும் அது நம்பிக்கை. நம்ம சாமியை ஒருத்தர் கட்டுக்கதைன்னு தள்ளிட்டுப் போனா எப்படி இருக்குமோ அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க.

ரெண்டு படம் சொல்றேன். ஒண்ணு 2001ல சக்கரியாஸ் குனுக் எடுத்த அடனார்ஜுவாட், கனடா வடக்குல இருக்குற இனுயிட் மக்களோட பழங்கதை, அவங்க மொழியான இனுக்டிடூட்லயே முழுசா எடுத்தது. ஒரு மனுஷன் துணியில்லாம, செருப்பில்லாம கடல் பனிக்கட்டி மேல உயிருக்கு ஓடுறான், அந்த ஓட்டத்தைப் பாத்தா நம்ம பாதம் வலிக்கும். பழைய கதைல அவன் திரும்பி வந்து எதிரிகளைக் கொன்னு பழி தீத்துப்பான், படத்துல கொலை இத்தோட நிக்கட்டும்னு நிறுத்துறான். அவங்க கதையை அவங்களே கை வெச்சு மாத்தினது அது, வெளியில இருந்து வந்தவங்க மாத்தினது இல்ல, அந்த வித்தியாசம் முக்கியம். ஆரம்பத்துல யாரு யாருன்னு குழப்பும், முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க.

இன்னொண்ணு 2013ல இசாவோ தகஹாதா எடுத்த பிரின்சஸ் ககுயா, மூங்கில் வெட்டுறவர் கண்டெடுத்த பொண்ணைப் பத்தின ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசான ஜப்பான் கதை. அவ அரண்மனையை விட்டு ஓடுற ஒரு இடம் வரும், அதுவரைக்கும் மெல்லிசா வாட்டர்கலர் மாதிரி இருந்த ஓவியம் திடீர்னு கரிக்கட்டைல கிறுக்குன மாதிரி ஆயிடும். டப்பிங் வேணாம், சப்டைட்டிலோட பாருங்க.

எந்த வரிசைல பாக்குறது

முதல் வாரம் கர்ணன், அதை முடிச்ச கையோட தளபதி. அடுத்தது மாயாபஜார், அது சும்மா சந்தோஷத்துக்கு. அப்புறம் டிராய், ஆனா இலியட் கடைசி பாகத்தை மட்டும் படிச்சுட்டு. அதுக்கப்புறம் ஆர்ஃபியூஸ் மூணும். ககுயா, அடனார்ஜுவாட் எப்போ வேணா. பக்கத்துல ஒரு நோட்டு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்க, எங்க கை வெச்சிருக்கார், ஏன்னு. விமர்சனமெல்லாம் எழுத வேணாம், அந்த ஒரு வரி போதும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் 1977ல ஜி.அரவிந்தன் மலையாளத்துல எடுத்த காஞ்சன சீதை. இதை முதல்லயே பாத்துடாதீங்க, பிடிக்காமப் போயிடும். உத்தர காண்டம், சீதையைக் காட்டுக்கு அனுப்பினதுக்கு அப்புறம் இருக்குற ராமன். ராம லட்சுமணரா நடிச்சது ஆந்திராவுல இருக்குற செஞ்சு பழங்குடி மக்கள், நகை கிரீடம்லாம் பெருசா இல்ல, வசனமும் ரொம்பக் கம்மி. சீதைன்னு ஒரு நடிகையே படத்துல கிடையாது. இலை அசையுது, காத்து வருது, தண்ணி மேல வெளிச்சம் நடுங்குது, ராமன் நின்னு பாக்குறான், அதுதான் அவ. கடைசில அவன் ஆத்துக்குள்ள இறங்கி நடந்து போறான். அந்த இடத்துல போனை எடுத்துடாதீங்க, படம் முழுசா முடியுற வரைக்கும் தண்ணியையே பாத்துட்டு இருங்க.